ஏலத்திற்கு வந்த கடல்: மலாக்கா நீரிணையில் கைப்பற்றிய சரக்கும் அதன் விற்பனையும்

'ஏலம்' என்னும் சொல்லிலிருந்தே இச்சொற்பொழிவைத் தொடங்குவோம். மணப்பொருளாகிய ஏலத்தை இங்கு நாம் குறிக்கவில்லை. விலை கூறி, போட்டியிட்டு, மிகுதியாகக் கேட்டவர்க்கு விற்கும் ஏலமே நம் பொருள். பழந்தமிழ்ச் சொல் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கக்கூடிய இச்சொல், சாவி, மேசை, அலமாரி, ஜன்னல் ஆகியவற்றைப் போலவே போர்த்துகீசியர் வழியாக வந்தது. அவர்களது 'லெயிலாவ்' தமிழில் 'ஏலம்' ஆயிற்று. மலாயில் 'லெலொங்' ஆயிற்று. கிள்ளானில் வீடோ வண்டியோ 'லெலொங்'கிற்கு வந்தது என்று நம் அண்டை வீட்டார் கூறுகையில், அவர்கள் வாயிலும் நம் வாயிலும் ஒலிப்பது ஒரே கடல் கொணர்ந்த ஒரே சொல்லின் இரு வடிவங்களே.

கப்பல் என்னும் தமிழ்ச்சொல் மலாயில் 'கப்பால்' என்றும், கடை என்பது 'கெடாய்' என்றும் வழங்குவதை நம் மாணவர் அறிவர். நாம் கொடுத்த சொற்கள் கப்பலும் கடையும். இரு மொழியினரும் சேர்ந்து பெற்றுக்கொண்ட சொல் ஏலம். இவற்றிற்கு இடையே ஒரு வரலாறு கிடக்கின்றது. கடலில் பிறர் கப்பலைப் பிடித்து, அதிலிருந்த சரக்கை விற்றுப் பொருளீட்டிய வரலாறு அது. போர்ட் கிள்ளான் துறைமுகத்தின் எதிரே விரியும் மலாக்கா நீரிணையே அதன் முதன்மையான களங்களுள் ஒன்று. அங்கு நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, பறித்த பொருள் எவ்வாறு விற்பனைப் பொருளாக மாறியது என்பதை நாம் ஆராய்வோம்.

ஏலத்திற்கு முன் இருந்த முறை

முதலில் ஐரோப்பியர் வருமுன் இக்கரைகளில் சரக்கு எவ்வாறு விலைபோயிற்று என்பதை அறிதல் வேண்டும். 1512-க்கும் 1515-க்கும் இடையில் மலாக்காவில் இருந்து எழுதிய தோமே பிரேஸ் என்னும் போர்த்துகீசியர், சுல்தான் ஆட்சிக்கால வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். வந்த கப்பலின் சரக்கைத் தெமெங்கோங் முன்னிலையில் வணிகர் பத்துப் பேரோ இருபது பேரோ கூடி மதிப்பிடுவர். விலை முடிந்ததும் அவ்வணிகர் தத்தம் பங்கிற்கேற்பச் சரக்கைப் பிரித்துக்கொள்வர். மேற்கிலிருந்து வந்தவர், அதாவது சோழமண்டலக் கரையினர், குஜராத்தியர் முதலியோர், நூற்றுக்கு ஆறு விழுக்காடு சுங்கம் செலுத்தினர். வணிகக் கூட்டத்தாரைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர். பருவக்காற்று மாறுமுன் திரும்ப வேண்டிய கப்பலுக்கு விரைவான விற்பனையும், உள்ளூர் வணிகர்க்கு நியாயமான ஊதியமும் இம்முறையால் கிட்டின.

மலாக்காவின் கடற்சட்டங்கள் இன்னும் நுணுக்கமானவை. துறைமுகம் அடைந்ததும் முதல் நான்கு நாள் நக்கோடா விற்கலாம். அடுத்த இரண்டு நாள் கப்பலில் இடம் பெற்றுச் சென்ற வணிகர் விற்கலாம். அதன்பின் மற்றையோர் விற்கலாம். கப்பலில் வந்த ஒவ்வொருவரும் சரக்குடையவர் என்பதையும், ஒவ்வொருவர்க்கும் முறை உண்டு என்பதையும் இச்சட்டம் ஏற்றுக்கொண்டது.

வங்கக் கடலின் மேற்குக் கரையிலும் இத்தகைய சிந்தனை இருந்தது. காக்கதிய மன்னர் கணபதிதேவர் 1244-ஆம் ஆண்டு மோட்டுப்பள்ளித் துறையில் ஓர் அபய சாசனம் பொறித்தார். புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கப்பல்களின் பொருள் முழுவதையும் முன்னைய அரசர் பறித்துக்கொண்டனர் என்றும், தாம் உரிய சுங்கம் தவிர வேறெதுவும் கொள்வதில்லை என்றும் அதில் உறுதியளித்தார். இச்சாசனம் இரு செய்திகளை நமக்கு உணர்த்துகின்றது. பறித்தல் இங்கும் இருந்தது. அது தவறென்று கல்லில் எழுதும் மனமும் இங்கு இருந்தது. ஆகவே, ஐரோப்பியர் வருகைக்கு முன் ஆசியக் கடல் முழுதும் அமைதி நிலவியது என்று மாணவர்க்குக் கற்பிப்பது பொருந்தாது. அதே வேளையில், கடலை ஒருவர் தனியுரிமையாகக் கொண்டு, தம் சீட்டு இல்லாத கப்பல் அனைத்தையும் பிடிக்கலாம் என்னும் கொள்கை இங்குப் புதியதாகவே வந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது.

அச்சீட்டின் பெயர் 'கர்தாஸ்'. போர்த்துகீசியர் விலைக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு அது. சீட்டு இல்லாத கப்பலும், சீட்டில் குறித்த வழி மாறிய கப்பலும் பறிமுதலுக்கு உரியன. 1511-இல் மலாக்கா வீழ்ந்தபின் இந்நீரிணையும் அவ்வலைக்குள் வந்தது. தமிழ் வணிகர் சிலர் புதிய ஆட்சியுடன் இணங்கிச் சென்றனர். நினா சாட்டு என்று போர்த்துகீசிய ஆவணங்கள் குறிக்கும் வணிகர் பெண்டஹாரா பதவியே பெற்றார். பிறர் சீட்டு வாங்கிச் சென்றனர். அல்லது போர்த்துகீசியர் கப்பலிலேயே கட்டணம் கொடுத்துச் சரக்கேற்றினர். இப்பின்னணியில்தான் நாம் முதல் நிகழ்ச்சிக்கு வருகிறோம்.

மயிலாப்பூரிலிருந்து வந்த துணி

1602-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில், மயிலாப்பூரின் சாந்தோமிலிருந்து மலாக்காவை நோக்கிப் போர்த்துகீசியர் கப்பல் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதில் ஆண், பெண், குழந்தைகளாக அறுநூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். சரக்கில் தலையாயது துணி. வெள்ளைத் துணியும் பூவரைந்த சாயத்துணியுமாக ஏறத்தாழ 950 பொதிகள் இருந்தன. அரிசியும் பிற பொருள்களும் உடன் இருந்தன.

அக்கப்பலை நீரிணையில் எதிர்நோக்கி நின்றவர் ஜேம்ஸ் லங்காஸ்டர். 1600-ஆம் ஆண்டின் இறுதி நாளில் பட்டயம் பெற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதற் பயணத் தலைவர் அவர். 1602 ஜூன் மாதம் ஆச்சே அடைந்து, அங்குள்ள சுல்தானிடம் எலிசபெத் அரசியின் கடிதத்தை அளித்து நல்வரவும் பெற்றார். ஆனால் மிளகு எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை, விலையும் மிகுதி. அவர் கொணர்ந்த இரும்பு, ஈயம், கம்பளித் துணி ஆகியவற்றை இத்தீவினர் பெரிதும் விரும்பவில்லை. சுமத்திராவிலும் ஜாவாவிலும் மிளகு பயிரிட்டோர் நெடுங்காலமாக விரும்பி வாங்கியது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை. அது அவர்கட்கு உடையாகவும், மணச்சீராகவும், சேமிப்பாகவும் பயன்பட்டது. துணி கொண்டவன் மிளகு கொள்வான் என்பதே அக்கால வணிக நியதி.

லங்காஸ்டர் அந்நியதியைப் புரிந்துகொண்டார். துணி வாங்க அவர் மயிலாப்பூர் செல்லவில்லை; துணி வரும் வழியில் நின்றார். இலங்கை சென்று கண்டி மன்னரைக் கண்டு ஆச்சேக்கு வந்திருந்த டச்சுத் தலைவர் ஸ்பில்பெர்கனும் ஒரு பங்கிற்கு உடன்பட்டுச் சேர்ந்தார். கப்பல் சிறிய மோதலுக்குப் பின் சரணடைந்தது. சில நாள்களாகப் பொதிகளை ஆங்கிலக் கப்பல்கட்கு மாற்றினர். பின்னர் வெறுமையான கப்பலை அதிலிருந்த மக்களுடன் விட்டுச் சென்றனர்.

இச்சரக்கு ஏலத்திற்கு வரவில்லை. நீதிமன்றம் எதுவும் அதனை விசாரித்துத் தீர்ப்பளித்த பின் விற்கப்படவுமில்லை. டிசம்பரில் ஜாவாவின் பந்தாம் துறைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வாங்கிவந்த சரக்கைப் போலவே சந்தையில் மிளகிற்கு மாற்றப்பட்டது. எஞ்சிய துணியைப் பின்வரும் வணிகத்திற்கென வைத்து, சில வணிகரையும் அங்கு விட்டு, 1603 பிப்ரவரியில் லங்காஸ்டர் புறப்பட்டார். கிழக்கில் ஆங்கிலேயர் நிறுவிய முதல் பண்டகசாலை அதுவே. அவர் நாடு திரும்பியதும் புதிய மன்னர் ஜேம்ஸ் அவருக்கு வீரப்பட்டம் வழங்கினார்.

இங்கு நாம் நிறுத்தி எண்ண வேண்டும். பிற்காலத்தில் நம் தாயகத்தையே ஆண்ட ஒரு கம்பெனி, தன் முதல் பயணத்தில் பெற்ற கிழக்கத்திய முதலின் முக்கியமான ஒரு பகுதி சோழமண்டலத் துணி. விலை கொடாமல் பெற்ற துணி. சாயவேர் தோண்டியவரும், நூல் நூற்றவரும், தறியில் அமர்ந்தவரும், முன்பணம் பெற்று நெய்து கொடுத்தவரும் அக்கரையில் இருந்தனர். நெசவாளர் கூலி பெற்றிருக்கலாம். பொதிக்கு உரிமையாளர் அதை இழந்தார். அறுநூறு பேருள் ஒருவர் பெயரையும் ஆங்கிலேயர் குறிப்பு பேணவில்லை. பொதியின் எண்ணிக்கை மட்டும் பிசகாமல் நிற்கின்றது.

ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஏலம்

இந்நிகழ்ச்சிக்கு ஐந்து மாதம் கூடக் கழியவில்லை. 1603 பிப்ரவரி 25-ஆம் நாள், ஜொகூர் ஆற்று முகத்துவாரத்தின் அருகே, சிங்கப்பூருக்குக் கிழக்கே, மக்காவிலிருந்து மலாக்காவிற்கு வந்த 'சாந்தா கத்தரீனா' என்னும் பெருங்கப்பலை டச்சுத் தலைவர் யாக்கொப் வான் ஹேம்ஸ்கர்க் கைப்பற்றினார். ஜொகூர் அரசகுலத்தாரின் துணையும் அவருக்கு இருந்தது. மக்காவில் தம் நாட்டு மாலுமிகள் பதினேழு பேரைப் போர்த்துகீசியர் கொன்றதற்கு இது மறுமொழி என்று டச்சுக்காரர் வாதிட்டனர். கப்பலில் இருந்தோர் உயிருக்கு உறுதி பெற்றுச் சரணடைந்து மலாக்காவிற்கு அனுப்பப்பட்டனர். சரக்கு ஆம்ஸ்டர்டாம் சென்றது.

அச்சரக்கு ஐரோப்பா அதுவரை ஒருங்கே கண்டிராத செல்வம். சீனக் கச்சாப்பட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட பொதிகள், பட்டாடை, பொன்னிழை, சர்க்கரை, கஸ்தூரி, ஏராளமான பீங்கான் ஆகியன அதில் இருந்தன. எனினும் ஏலத்தை உடனே தொடங்க இயலவில்லை. ஏலத்தில் வாங்குவோர்க்கு உரிமை தூயதாக இருத்தல் வேண்டும். திருட்டுப் பொருளை வாங்கினேன் என்னும் அச்சம் இருப்பின் விலை ஏறாது. ஆகவே ஆம்ஸ்டர்டாம் கடற்படை நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. உரிமை கோருவோர் யாரேனும் உளரேல் வந்து முறையிடுக என்று அறிவித்தனர். ஒருவரும் வரவில்லை. எவ்வாறு வருவர்? உடையவர் மக்காவிலும் மலாக்காவிலும் இருந்தனர். நீதிமன்றமோ பகைவர் நாட்டில், பல மாதக் கடற்பயணத் தொலைவில் இருந்தது. 1604 செப்டம்பர் 9-ஆம் நாள் கப்பலும் சரக்கும் முறையாகப் பெற்ற போர்ப்பொருள் என்று தீர்ப்பாயிற்று.

ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் வணிகர் ஏலத்திற்குத் திரண்டனர். பிரான்சு மன்னரும் இங்கிலாந்து மன்னரும் பீங்கான் வாங்கினர். கிடைத்த தொகை ஏறத்தாழ 35 இலட்சம் கில்டர். 1602-இல் நிறுவப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்க முதல் ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர் என்பதை நோக்கின், ஒரு கப்பல் அம்முதலில் பாதிக்கு மேல் ஈட்டித்தந்தது விளங்கும். ஆயினும் பங்குதாரர் அனைவரும் மகிழ்ந்தாரல்லர். வன்முறையை வெறுத்த மெனனைட் சமயத்தார் சிலர், வணிகத்திற்கெனத் தாம் இட்ட முதல் கொள்ளைக்குப் பயன்படலாகாது என்று எதிர்த்தனர். கொள்ளையை அக்காலத்தார் இயல்பென்றே கொண்டனர் என்று கூறி நாம் எளிதில் கடந்துவிட முடியாது. அதைத் தவறென்றவர் கம்பெனிக்கு உள்ளேயே இருந்தனர்.

இந்நிலையில் கம்பெனி ஓர் இளம் வழக்கறிஞரை நாடியது. இருபத்தொரு வயதே நிரம்பிய ஹ்யூகோ குரோஷியஸ் கொள்ளைப்பொருள் உரிமை பற்றி இலத்தீனில் ஒரு பெருநூல் எழுதினார். அதன் ஓர் இயல் மட்டும் 1609-இல் 'மாரே லிபெரும்', அதாவது 'கட்டற்ற கடல்' என்னும் பெயரில், ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. எஞ்சிய கைப்பிரதி 1864-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. கடல் காற்றைப் போன்றது, ஒருவர் உடைமையாகாது, வணிகத்தைத் தடுப்பவன் குற்றவாளி, அவனிடமிருந்து நியாயப் போரில் கொண்ட பொருள் கொண்டவர்க்கே உரியது என்பன அவர் வாதத்தின் சாரம்.

இன்றைய அனைத்துலகக் கடற்சட்டத்தின் வேர்களுள் ஒன்றாக இந்நூலைப் போற்றுகின்றனர். அதில் தவறில்லை. ஆனால் அது பிறந்த இடம் நம் நீரிணை என்பதையும், பிறந்த காரணம் ஓர் ஏலத்தின் கணக்கு என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். கடல் அனைவர்க்கும் உரியது என்று வாதிட்ட அதே டச்சுக்காரர், 1641-இல் மலாக்காவைக் கைப்பற்றியபின், நீரிணையைக் கடக்கும் கப்பல்கள் மலாக்காவிற்கு வந்து சீட்டுப் பெற வேண்டும் என்று விதித்தனர். போர்த்துகீசியரின் கர்தாஸ் போயிற்று. டச்சுக்காரரின் சீட்டு வந்தது. 1613-இல் இலண்டனில் நடந்த பேச்சில், நறுமணத் தீவுகளின் தனியுரிமைக்காக வாதிடச் சென்ற குரோஷியஸ் முன், அவர் நூலின் கருத்தையே ஆங்கிலேயர் எடுத்து வைத்தனர். தம் நூலே தமக்கு எதிர்ச்சாட்சியான வழக்கறிஞர் அவர்.

சிலாங்கூர்க் கரைக்கு வந்த போர்

மூன்றாம் நிகழ்ச்சி நம் வாசலுக்கே வருகின்றது. 1782-ஆம் ஆண்டு. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பகைவராக இருந்த காலம். பிரெஞ்சுக்காரர் டச்சுக்காரர் பக்கம். ரியாவ் துறையில் நின்ற 'பெட்சி' என்னும் ஆங்கிலக் கப்பலைப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று பிடித்தது. அதில் இருந்தது ஆயிரத்திற்கு மேற்பட்ட அபின் பெட்டிகள். ரியாவின் யாங் டிபெர்துவான் மூடா ராஜா ஹாஜி, தம் துறையில் பிடிபட்ட பகைவர் கப்பலில் தமக்கும் பங்குண்டு என்று கேட்டார். டச்சுக் கம்பெனியுடன் தாம் கொண்டிருந்த உடன்படிக்கையை அவர் சுட்டினார். மலாக்காவிலிருந்த டச்சு ஆட்சியினர் மறுத்தனர்.

பங்கு மறுப்புப் போராக முற்றியது. 1784 தொடக்கத்தில் ரியாவைத் தாக்கிய டச்சுப்படை தோற்றுத் திரும்பியது. ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டார். அவருடைய உடன்பிறந்தார் மகனும் சிலாங்கூரின் இரண்டாம் சுல்தானுமாகிய இப்ராஹிம் துணை நின்றார். ஐரோப்பாவிலிருந்து வந்த வான் பிராம் கடற்படை முற்றுகையை உடைத்தது. ஜூன் 18-ஆம் நாள் தெலுக் கெத்தாப்பாங்கில் ராஜா ஹாஜி வீரமரணம் எய்தினார். ஆகஸ்டு மாதம் அப்படை கோலசிலாங்கூரைக் கைப்பற்றி, அங்குள்ள குன்றின் கோட்டைக்குத் தம் ஆளுநர் நாயகத்தின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டது. பகாங்கிற்குச் சென்ற சுல்தான் இப்ராஹிம் படை திரட்டி, 1785-இல் காடு கடந்து வந்து கோட்டையை மீட்டார். எனினும் நெடுநாள் கடல் முற்றுகைக்குப் பின், 1786-இல் டச்சுக்காரருடன் உடன்படிக்கை செய்ய நேர்ந்தது.

புக்கிட் மெலாவத்தி ஏறிய நம் மாணவர் அங்குள்ள பீரங்கிகளைக் கண்டிருப்பர். கலங்கரை விளக்கத்தின் பெயர் இன்றும் ஆல்டிங்ஸ்பர்க். அக்குன்றில் பீரங்கி முழங்கியதன் தொடக்கம், கைப்பற்றிய அபின் சரக்கின் பங்கீட்டில் எழுந்த வழக்கு என்பதை ஆசிரியர் அங்கேயே நின்று கூறலாம். ராஜா ஹாஜியின் பேரர் ராஜா அலி ஹாஜி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய 'துஹ்ஃபத் அல்-நஃபீஸ்' என்னும் வரலாற்று நூலில் இப்போரின் கதையை மலாய்ப் பார்வையிலிருந்து விரித்துரைத்துள்ளார். நம் மூன்று நிகழ்ச்சிகளுள், பொருளிழந்தோ பங்கிழந்தோ போன ஆசியத் தரப்பு தன் சொல்லால் தன் வழக்கை எழுதி வைத்தது இதற்கு மட்டுமே என்பது கருதத்தக்கது.

நாம் பெறும் பாடம்

மூன்றையும் ஒப்புநோக்குவோம். 1602-இல் பறித்த பொருள் நேரே சந்தைக்குச் சென்று முதலாயிற்று. 1604-இல் நீதிமன்றத்தின் வழியாகச் சென்று ஏலப்பொருளாயிற்று. அதன் நியாயத்திற்கு ஒரு தத்துவமும் எழுந்தது. 1782-இல் பங்கீட்டு வழக்காகிப் போராயிற்று. மூன்றிலும் பொருளைப் பிடிப்பது சில நாழிகை வேலை. அதனை உரிமைப் பொருளாக்குவதே நீண்ட வேலை. பீரங்கி கப்பலைப் பிடித்துத் தரும். உரிமையைத் தருவன தீர்ப்பும், கணக்கேடும், ஏலக்காரன் குரலுமே. ஒருமுறை விலை பேசப்பட்டுக் கைமாறிவிட்டால் பீங்கான் தட்டு பீங்கான் தட்டுதான்; அது எங்கிருந்து, யாரிடமிருந்து வந்தது என்று அரண்மனை விருந்தில் யாரும் கேட்பதில்லை.

இதில் தமிழர் இழந்தவர் மட்டுமல்லர் என்பதையும் நாம் நேர்மையுடன் ஏற்க வேண்டும். கடல் வணிகம் வல்ல நம்மவருள் புதிய ஆட்சியோடு கைகோத்து ஊதியம் கொண்டவரும் இருந்தனர். போர்த்துகீசியர் ஒரு நூற்றாண்டாகப் பிறர் கப்பலைப் பிடித்தவரே; பின்னர் தாமும் பிடிபட்டனர். ஆகவே இவ்வரலாற்றை ஓர் இனத்தின் மீது மற்றோர் இனம் இழைத்த தீங்கு என்று சுருக்காமல், உரிமை யாரால், எந்தச் சொல்லால், எந்த ஏட்டால் உண்டாக்கப்படுகின்றது என்னும் வினாவாகக் கற்பித்தல் நன்று.

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் புலிப்பொறி இட்டுப் பண்டம் காத்ததை நாம் பெருமையுடன் வகுப்பில் கூறுகிறோம். அப்பெருமையோடு, 1602-இல் இந்நீரிணையில் இறக்கப்பட்ட 950 பொதிகளையும் கூறுவோமாக. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று திறக்கப்பட்டு, 1972 முதல் போர்ட் கிள்ளான் எனப்படும் இத்துறையில் இன்று கொள்கலன்கள் மலைபோல் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் மீதும் எண் உண்டு; உடையவர் பெயர் ஏட்டில் உண்டு. அப்பெயருக்கு ஒரு காப்பு உண்டு என்னும் நம்பிக்கையில்தான் இத்துறை இயங்குகின்றது. அந்நம்பிக்கை இயற்கையாக வந்ததன்று. இதே நீரில் பலர் பொருளையும் சிலர் உயிரையும் இழந்தபின் மெல்ல உருவாயிற்று. அடுத்த முறை 'ஏலம்' என்றோ 'லெலொங்' என்றோ கேட்கையில், பொருள் எவ்விலைக்குப் போயிற்று என்பதோடு, யாரிடமிருந்து போயிற்று என்றும் நம் மாணவர் கேட்பாராயின், இச்சொற்பொழிவின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.